அகற்றிய முள் எங்கே போயிற்று?

பச்சை வெங்காயமோ வெள்ளைப்பூண்டோ உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று திருநபி (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் அனைவரும் அறிவோம். சிறு வயதில் மதரஸாவில் இதைக் கேட்டபோது, நல்லொழுக்கம் பற்றிய ஒரு சின்னஞ்சிறு பாடமாகவே எடுத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமைகளில் வெங்காயப் பச்சடியைத் தள்ளி வைத்ததோடு கடமை முடிந்ததாக எண்ணினோம். வயது ஏறிய பிறகுதான் அதன் பொருள் எவ்வளவு தூரம் விரிகிறது என்பது புலப்படுகிறது. வெங்காயம் ஹராமான பொருளன்று. உண்டவர் தம் காசில் வாங்கியது. தம் வயிற்றுக்குத் தந்தது. ஆயினும் அவர் விடும் மூச்சு, தோளோடு தோள் ஒட்டி நிற்பவரின் மூச்சாகி விடுகிறது. ஸஃப்பில் நிற்கும் இருவருக்கிடையே உள்ள காற்று அவ்விருவரில் எவருக்கும் தனிச்சொத்தாகாது. மனிதர் எதனால் துன்புறுகிறார்களோ அதனால் மலக்குகளும் துன்புறுகிறார்கள் என்ற காரணமும் உடன் சொல்லப்பட்டிருக்கிறது. ஒருவர் வாயின் வெங்காய வாடைக்கே இத்தனை கணக்கு உண்டென்றால், ஒரு துறைமுகத்து நிலக்கரித் தூளுக்கு எவ்வளவு கணக்கு இருக்க வேண்டும்?

ராயபுரத்தை மனத்தில் வைத்தே இக்கேள்வியை எழுப்புகிறோம். தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் புறப்பட்டது இவ்வூர் நிலையத்திலிருந்துதான். ரயிலுக்குப் புகைவண்டி என்று நம் முன்னோர் இட்ட பெயரை எண்ணினால், புகையைப் பூமாலையிட்டு வரவேற்ற முதல் ஊர் என்றுகூட இதனைச் சொல்லலாம். தெற்கே துறைமுகம், வடக்கே காசிமேடு, அதற்கும் அப்பால் தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையோரம் நெடுக ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும். துறைமுகத்தை நம்பிப் பிழைக்க வந்தவர்களுள் நம் சமுதாயத்தவரும் உண்டு. கப்பல் சரக்கோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடைய குடும்பங்கள் மண்ணடியிலும் ராயபுரத்திலும் இன்றும் பல. ஆகவே துறைமுகத்தைப் பகையாகக் கருதி எழுதும் எண்ணம் நமக்கில்லை.

கோடையில் பிற்பகல் ஆகிவிட்டால் சென்னைவாசிகள் கடற்காற்றை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். தரை சூடேற, அதன் மேலுள்ள காற்று மேலெழ, கடல் மீதிருக்கும் குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்ப விரைந்து வருகிறது. அல்லாஹ் இந்நகருக்குத் தந்த அருட்கொடைகளுள் அது தலையாயது. ஆனால் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்த வெளியில் குவிந்து கிடந்த ஆண்டுகளில், ராயபுரத்துக்கு அக்காற்று வெறுங்கையோடு வரவில்லை. கப்பலிலிருந்து இறக்கும்போதும், குவியலிலிருந்து லாரியிலும் ரயில் பெட்டியிலும் ஏற்றும்போதும் எழும்பிய தூளைச் சுமந்துகொண்டே வந்தது. ஜும்ஆவுக்கென்று வெளுத்து மாடிக் கொடியில் உலர்த்திய சட்டையில் கரும்பொட்டுகள் விழுந்தன. லுஹருக்கு முன் துடைத்த தரை அஸருக்குப் பின் மீண்டும் கறுத்தது. குழந்தையின் மூக்கைத் துடைத்த தாயின் முந்தானையிலும் அதே கருமை.

இங்கே ஒரு சிறு குறிப்பு. தண்ணீர் இல்லாதபோது தூசியைக் கொண்டே தூய்மை பெறத் தயம்முமில் நமக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் எரிந்து சாம்பலாகும் பொருளின் தூளில் தயம்மும் கூடாதென்பது பிக்ஹு படித்த பிள்ளைகளுக்கும் தெரியும். இந்தத் தூசி எவ்வகையில் பார்த்தாலும் நமக்கு உதவாத தூசி!

கண்ணுக்குத் தெரியும் கருமை தீங்கின் ஒரு பகுதிதான். பருத்த துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் வருவது ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய துகள்களே நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்குகின்றன. அவற்றுள் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலந்துவிடுகின்றன. நிலக்கரியை எரிக்கும் உலைகளும், துறைமுகச் சாலையில் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்று டீசல் புகை கக்கும் லாரிகளும் இத்துகள்களைத்தான் மிகுதியாக உண்டாக்குகின்றன. இவற்றின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது 2009-இல் நம் நாடு வகுத்த எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த எல்லையோ 5 மைக்ரோகிராம். இடையிலுள்ள 35 மைக்ரோகிராம் எவருடைய நெஞ்சில் போய்த் தங்குகிறது என்பதைச் சட்டப் புத்தகம் சொல்வதில்லை.

ராயபுரத்து மக்கள் பல்லாண்டுகள் முறையிட்டார்கள். முடிவில், 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படலாகாது. அவை எண்ணூர்த் துறைமுகத்துக்குச் செல்ல வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். துறைமுகத்துக்கு அது பெரும் வருமான இழப்பு. மூட்டை சுமந்தவருக்கும் லாரி ஓட்டியவருக்கும் பிழைப்பில் விழுந்த அடி. இருந்தும் தடை நடைமுறைக்கு வந்தது. கொடியில் உலரும் துணியை மட்டுமே சான்றாகக் காட்ட முடிந்த எளிய குடும்பங்களின் குரல், கப்பல்களையே திசை திருப்பி விட்டது. இது சாதாரணமான காரியமன்று.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நாம் கற்றிருக்கிறோம். ஒரு மரக்கிளையை வழியிலிருந்து அப்புறப்படுத்தியதற்காகவே ஒரு மனிதருக்கு மன்னிப்புக் கிடைத்த செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. ராயபுரத்துப் பாதையிலிருந்து ஒரு முள் அகன்றது, மகிழ்ச்சி. ஆனால் அந்த முள் எங்கே போயிற்று?

எண்ணூருக்குப் போயிற்று. ஒரு பகுதி ஆந்திரத்துக் கிருஷ்ணபட்டினத்துக்கும் போயிற்று. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டதே அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகத்தான். 2014 முதல் அது காமராசர் துறைமுகம் என்ற பெயரோடு இயங்குகிறது. புதிய துறைமுகமாகையால், கரியை இயந்திரப் பட்டைகளில் ஏற்றிச் செல்லும் வசதி அங்கே கூடுதல் என்பது உண்மையே. ஆயின் எண்ணூர் ஆளில்லாப் பொட்டலா? காட்டுக்குப்பமும் முகத்துவாரக்குப்பமும் தாழங்குப்பமும் நெட்டுக்குப்பமும் அங்கே இருக்கின்றன. கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் அந்தக் கழியில் இறால் பிடித்தும் வலை வீசியும் வாழ்ந்த மக்கள் அவர்கள். 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையத்தின் புகையை அவர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சுவாசித்தார்கள். 1990-களில் வந்த வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் அவர்களது கழியில் படிந்தது. 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவில், ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். ஏற்கெனவே இத்தனை சுமந்த தோளின் மீதுதான் நம் வாசலிலிருந்து எடுத்த கரியும் இறங்கியது.

இதை எழுதும்போது ராயபுரத்து அன்பர்கள் மனம் வருந்தக் கூடும். அவர்கள் கரியை எங்கே அனுப்புவதென்று முடிவு செய்தவர்கள் அல்லர். தம் பிள்ளைகளின் மூச்சுக்காக வாதாடியவர்கள். அவர்கள் மீது குற்றம் சுமத்துவது நம் நோக்கமன்று. அவர்களது வழக்கு நியாயமானது, தீர்ப்பும் நியாயமானது. நியாயமான வெற்றிக்குப் பிறகும் ஒரு கடமை மிஞ்சுகிறதா என்பதைத்தான் நாம் ஆராய விரும்புகிறோம்.

நம் சட்ட அறிஞர்கள் இத்தகைய சிக்கலை அறியாதவர்கள் அல்லர். பிறருக்குத் தீங்கிழைத்தலும் கூடாது, தீங்குக்குப் பதிலாகத் தீங்கிழைத்தலும் கூடாது என்ற நபிமொழியை வேராகக் கொண்டு அவர்கள் ஒரு பெரும் சட்டத்துறையையே வளர்த்தார்கள். அதிலிருந்து கிளைத்த விதிகளுள் ஒன்று, தீங்கை நீக்கும் வழி அதற்கு நிகரான இன்னொரு தீங்காக இருத்தலாகாது என்பது. துருக்கிப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டத்தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றிருக்கிறது. அதே தொகுப்பு, வீட்டை ஒட்டிக் கொல்லன் பட்டறை வைப்பதையும், அடுப்புப் புகையாலும் செக்காலையின் நாற்றத்தாலும் அண்டை வீட்டில் குடியிருக்க முடியாமற் செய்வதையும் நீக்கப்பட வேண்டிய கொடுந்தீங்குகளாகக் காட்டுகிறது. பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னு ராமி என்ற கட்டடக் கலைஞர், குளிப்பறைப் புகையும் ரொட்டி அடுப்பின் புகையும் அண்டை வீட்டாரை வருத்துவது பற்றிய வழக்குகளை விரிவாக எழுதி வைத்தார். இமாம்கள் எல்லாரும் ஒரே கருத்துடையவர்கள் என்று சொல்வதற்கில்லை. தன் மனையில் தான் விரும்பியதைச் செய்யும் உரிமைக்கு அதிக இடம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இருந்தாலும் காலப்போக்கில் அண்டை வீட்டாரின் மூச்சுக்கே தராசு தாழ்ந்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சந்தை மேற்பார்வையாளர்களுக்கு வழிகாட்டியாக நூல் எழுதிய ஷைஸரீ, ரொட்டிக் கடைகளின் கூரை உயரமாக இருக்க வேண்டும், புகை வெளியேற அகலமான திறப்பு வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். அக்காலத்துக்கு அது போதுமான தீர்வுதான். ஓர் அடுப்பின் புகை வானத்தில் கரைந்துவிடும். அதே யோசனையைப் பின்பற்றித்தான் இன்று அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளை வானளாவ எழுப்புகிறார்கள். புகை கரைவதில்லை, இன்னும் தொலைவில் உள்ளவரின் கூரை மேல் இறங்குகிறது. அவ்வளவே வேறுபாடு.

இங்கே சிந்திக்கத் தெரிந்த ஒருவர் இடைமறித்துக் கேட்கலாம்: "இரண்டு தீங்குகளில் பெரியதைத் தவிர்க்கச் சிறியதை ஏற்கலாம் என்றும் அதே மஜல்லாவில் விதி இருக்கிறதே? ராயபுரத்தில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. எண்ணூரில் மக்கள் குறைவு. ஆகவே அங்கே அனுப்பியது சரிதானே?"

வலுவான வாதம்தான். தலைகளை எண்ணிப் பார்த்தால் நீதிபதிக்கு வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சிறிய தீங்கை ஏற்கலாம் என்று விதி சொல்லும்போது, ஏற்பவர் யார் என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. பெருந்தீங்கிலிருந்து தப்பியவர் ஒருவர், சிறு தீங்கை ஏற்றவர் இன்னொருவர் என்றால், அங்கே பிறப்பது கடன். ஒருவருடைய தோளில் இன்னொருவருக்காகச் சுமை ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தச் சுமைக்கு நிழல் வேண்டும், கூலி வேண்டும், இறக்கி வைக்கும் நாள் வேண்டும். எண்ணூர் மீனவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நமக்கு நிம்மதி கிடைத்தது எவருடைய செலவில் என்று நாம் எண்ணிப் பார்த்தோமா? எண்ணெயிலிட்ட அப்பளத்தைப் போல் நம் வீட்டில் மின்விசிறி படபடவென்று சுழலும்போதும் அந்தக் கரிதான் எங்கோ எரிகிறது.

கப்பலில் பயணம் செய்த கூட்டத்தாரைப் பற்றித் திருநபி (ஸல்) அவர்கள் சொன்ன உவமையை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். சீட்டுக் குலுக்கியதில் சிலருக்கு மேல்தட்டும் சிலருக்குக் கீழ்த்தட்டும் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே போய்வர வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை கொடுக்காமல், நம் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டால் என்ன என்று அவர்கள் எண்ணினார்கள். அவர்களைத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர். தவறு செய்பவர்களைத் தடுக்க வேண்டும் என்ற படிப்பினையோடு நம் பேச்சாளர்கள் நிறுத்திக்கொள்வது வழக்கம். நமக்கு இதில் இன்னொன்றும் தோன்றுகிறது. கீழ்த்தட்டினர் தீய எண்ணத்தோடு கோடரியை எடுக்கவில்லை. மேலே போய்வந்தால் அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதே என்ற எண்ணம்தான் காரணம். மேல்தட்டினர் சற்று முகம் கொடுத்திருந்தால், வாளிகளுக்கு வழிவிட்டிருந்தால், ஓட்டை போடும் யோசனையே பிறந்திருக்காது. சென்னை என்னும் கப்பலில் ராயபுரம் நெடுங்காலம் கீழ்த்தட்டாகவே இருந்தது. நகரின் கரியும் எண்ணெயும் தோலும் மீனும் வடக்கே, பூங்காக்கள் தெற்கே என்பது எழுதப்படாத ஏற்பாடு. 2011-க்குப் பின் கரியைப் பொறுத்த மட்டில் ராயபுரம் ஒரு தட்டு மேலேறியது. கீழே இருந்தபோது பட்டதை மேலே ஏறியவுடன் மறந்துவிடுவதா?

எண்ணூர்க் குப்பத்தார் நம் மார்க்கத்தவர் அல்லரே என்று எவரேனும் கூறின், ஹளரத் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது யூதராகிய அண்டை வீட்டாருக்கு அனுப்பியாயிற்றா என்று திரும்பத் திரும்ப விசாரித்ததை நினைவூட்டுவோம். வேறு சிலர், காற்றும் நோயும் இறைவன் விதித்தபடி என்று பெருமூச்சு விடுவார்கள். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து ஹளரத் உமர் (ரலி) அவர்கள் படையோடு பாதி வழியில் திரும்பினார்கள். விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். அதற்கு மேல் நாம் சேர்க்க ஒன்றுமில்லை.

சரி, பெருந்தொழிலகங்களின் முன்னே சாதாரணக் குடும்பங்கள் என்ன செய்ய முடியும்? இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில் இரவானதும் துர்நாற்றம் வீசும். அதிகாரிகள் காலையில் வந்து பார்க்கும்போது காற்று மாறிப் போயிருக்கும். நாற்றம் அடித்தது என்பது கிராமத்தாரின் சொல். அடிக்கவில்லை என்பது ஆலையின் சொல். இரண்டுக்கும் நடுவே சான்று ஏதும் இல்லை. 2004-இல் அக்கிராமத்தார் சிலர் தாங்களே காற்றைக் கண்காணிக்கும் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் கையாண்ட கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி! 1990-களில் கலிபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே வாழ்ந்த மக்களுக்காக உருவான உபாயம் அது. இறுக மூடிய வாளிக்குள் தனிவகைப் பை ஒன்று தொங்கும். வாளியிலுள்ள காற்றைச் சிறு பம்பினால் வெளியே இழுத்தால், உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பை தானாக விரியும். வெளிக்காற்று ஒரு குழாய் வழியே பைக்குள் பாயும். நாற்றம் அடிக்கும் அந்த நிமிடத்தின் காற்று அப்படியே பிடிபட்டுவிடும். பையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஆண்களும் பெண்களுமாக அவர்கள் குறிப்பேடும் வைத்திருந்தார்கள். எந்த நாள், எந்த மணி, காற்று எத்திசையிலிருந்து, நாற்றம் எதைப் போன்றது, கண் எரிந்ததா, தலை சுற்றியதா என்று எழுதினார்கள். அழுகிய முட்டை நாற்றம் என்று எழுதினால் அது பெரும்பாலும் கந்தகம் கலந்த வாயு என்பதை வேதியியலார் அறிவர். படிப்பறிவு குறைந்தவர் மூக்கும் ஒரு கருவியே!

அவ்வாண்டு வெளியான அவர்களது அறிக்கை, அக்காற்றில் 22 நச்சு இரசாயனங்கள் இருப்பதைக் காட்டியது. அவற்றுள் 8 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. அதுவரை, இத்தகைய ஆவிகளில் பெரும்பாலானவற்றுக்கு நம் நாட்டில் சுற்றுப்புறக் காற்றுக்கான எல்லையே வகுக்கப்பட்டிருக்கவில்லை. 2009 நவம்பரில் வந்த புதிய விதியில்தான் பென்சீன் உட்படப் பன்னிரண்டு மாசுகளுக்கு எல்லை குறிக்கப்பட்டது. வாளியால் மட்டுமே அது வந்ததென்று மிகைப்படுத்த மாட்டோம். நாட்டின் பல மூலைகளில் பலர் உழைத்தார்கள். எனினும், அளக்காத ஒன்றைச் சட்டம் காணாது என்பதைக் கடலூர்ப் பெண்கள் நம் பட்டதாரிகளுக்கு முன்பாகவே உணர்ந்திருந்தார்கள்.

நம் பார்வையில் அந்தக் குறிப்பேடு ஒரு ஷஹாதத். நமக்கோ, பெற்றோருக்கோ, உற்றாருக்கோ எதிராக இருப்பினும் நீதிக்காகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. சாட்சி என்றதும் நீதிமன்றக் கூண்டும் நிக்காஹ் மஜ்லிஸுமே நம் நினைவுக்கு வருகின்றன. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, சன்னலைத் திறந்து, காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று பார்த்து எழுதி வைப்பதும் சாட்சியந்தான். அதிலும் கலப்படமில்லாத சாட்சியம் தேவை. நாற்றம் வராத நாளில் வரவில்லை என்றே எழுத வேண்டும். ஆலையில் தம் மகனே வேலை செய்தாலும் எழுத வேண்டும். இங்கேதான் மனிதன் சோதிக்கப்படுகிறான். துறைமுகத்திலோ ஆலையிலோ கூலி வாங்கும் குடும்பம், அதன் புகையைப் பற்றி வாய் திறக்கத் தயங்குவதை நாம் இழிவாகக் கருதவில்லை. ரிஸ்கைப் பற்றிய அச்சம் எவரையும் விட்டதில்லை. ஆதலால்தான் இப்பணி தனிக்குடும்பத்தின் தலையில் விழாமல் ஒரு ஜமாஅத்தின், ஒரு தெருவின், பல சமயத்தார் கூடிய ஒரு சங்கத்தின் பணியாக இருக்க வேண்டும் என்கிறோம். பத்துப் பேர் பெயரில் உள்ள குறிப்பேட்டுக்காக ஒருவர் வேலையைப் பறிப்பது எளிதன்று.

சாட்சி நமக்கு எதிராகவும் இருக்கும் என்றோமே, அதற்கு எடுத்துக்காட்டைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ராயபுரத்துக்கு மேற்கே கொடுங்கையூரில் வடசென்னையின் குப்பை மலை இருக்கிறது. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று 2025 மே மாதத்தில் வடசென்னைக் குடியிருப்போர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கலப்புக் குப்பையில் உள்ள பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டாகலாம் என்பது அவர்கள் அச்சம். அறிவியல் அதனை மறுக்கவில்லை. அவர்கள் பக்கம் நிற்க நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்த மலையில் நம் வலீமா விருந்துகளின் பங்கு எவ்வளவு? ஆயிரம் பேர் உண்ட மண்டபத்தின் பின்வாசலில் பிளாஸ்டிக் பூசிய தட்டும், பாதி குடித்த தண்ணீர்ப் பாட்டிலும், எச்சில் பிரியாணியும் ஒரே மூட்டையாகக் கட்டப்படுவதை நாம் பார்க்காதவர்களா? எவ்வளவு மஹர், எத்தனை சஹன் என்று கணக்கிடும் நாம், எத்தனை மூட்டை குப்பை என்று கணக்கிட்டதுண்டா? எச்சிலையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியே பிரித்துக் கொடுத்தால் எரிப்பதற்கென்று மிஞ்சுவது மிகக் குறைவு. எரிக்க வேண்டாம் என்று வீதியில் நின்று சொல்பவர், எரிக்க வேண்டிய மூட்டையை வீட்டில் கட்டாதவராக இருப்பது நன்று. மண்டபத்தாரிடம் ஒரு சொல், சமையற்காரரிடம் ஒரு சொல், இரண்டு தனித்தனித் தொட்டிகள். இதற்கு எந்த நீதிமன்றத் தீர்ப்பும் தேவையில்லை.

எண்ணூர்க் கடனுக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டு விதிப்படி, பெரிய ஆலையோ மின் நிலையமோ துறைமுக விரிவாக்கமோ வருமுன், பெரும்பாலானவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாகத் தமிழ் நாளிதழ் ஒன்றிலேனும் அறிவிப்பு வெளியிட வேண்டும். வர இயலாதவர் கருத்தை எழுதியும் அனுப்பலாம். எண்ணூர்ப் பக்கம் நடக்கும் இத்தகைய கூட்டங்களில் பெரும்பாலும் அவ்வூர் மீனவர்களே எழுந்து நின்று பேசுகிறார்கள். ராயபுரத்திலிருந்து, தூள் படிந்த சட்டையை நீதிமன்றத்துக்குக் காட்டிய தெருக்களிலிருந்து, எத்தனை பேர் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம்? எங்கள் வாசலில் இருந்த கரி இது, இதன் சுவை எங்களுக்குத் தெரியும், குவியலை மூடாமல், ஏற்றியிறக்கும் வழியைக் கூரையிட்டு அடைக்காமல் இதைக் கையாள விடாதீர்கள் என்று சொல்ல நம்மைவிடத் தகுதியுடைய சாட்சி யார்?

நம் பள்ளிவாசல்களில் ஒளூச் செய்யும் இடத்துக்கு அருகே அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கும். தொழுகை நேரங்கள், நிக்காஹ் அறிவிப்பு, ஜனாஸா அறிவிப்பு, காணாமற்போன செருப்பைப் பற்றிய வேண்டுகோள் எல்லாம் அதில் ஒட்டப்பட்டிருக்கும். அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நாளையும் இடத்தையும் நாளிதழிலிருந்து கத்தரித்து ஒட்ட அதில் இன்னும் இடம் இருக்கிறது.